டவர் காணாமல் போன காலை

வானிலை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும், தனித்தனியாக, வேறுவேறு நாளில், என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார். ஒருவர் மெர்கோங் பசாரில் நான் கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று கேட்டார். ரேடார் ஒண்ணு சொல்லுது, துளியை எண்ணுற மெஷின் ஒண்ணு சொல்லுது, வாளியில விழுந்த தண்ணி வேற ஒண்ணு சொல்லுது, எதை அக்கா நம்புறது?

இருபத்தாறு வருஷம் மழையின் வேகத்தை அளந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள் நான். பதில் என் பையில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். பையில் குடைதான் இருக்கிறது. அதையும் வெயிலுக்குத்தான் பிடிக்கிறேன். ஆகவே நான் குழம்பி நின்ற ஒரு காலையை எழுதித் தருகிறேன். குழப்பம் இன்னும் தீரவில்லை. தீர்ந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

செர்டாங்குக்கு உள்ளே, ஒரு செம்பனைத் தோட்டத்து மேட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சின்ன ரேடார் ஒன்றை டிரெய்லரில் ஏற்றி வைத்து எங்களை அனுப்பினார்கள். எங்களை என்றால் என்னையும் ரோஸ்லானையும். ரோஸ்லான் என் வயசுக்காரர். தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்த மலாய்க்காரர். பாதித் தமிழ் பேசுவார், மீதியை 'லா' போட்டு நிரப்பிக்கொள்வார். கிழக்கே மலைப்பக்கம் பெய்யும் மழை எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்று இங்கே உட்கார்ந்தபடியே சொல்ல முடியுமா, அதைப் பார்ப்பதுதான் வேலை. நனையாமல் மழையைத் தெரிந்துகொள்வது. சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

மெஷினை எப்படி ஓட்டுவது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள், அதை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ரேடார் மழையைப் பார்ப்பதில்லை. அது இருட்டில் குரல் கொடுக்கிறது. துளிகள் திருப்பிக் குரல் கொடுக்கின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டு நாம் மழையை ஊகிக்கிறோம். கொழுத்த துளி ஒன்று கூட்டத்தில் நின்று கத்துகிற ஆள் மாதிரி. பொடித்துளிகள் ஆயிரம் சேர்ந்தாலும் முணுமுணுக்கத்தான் செய்யும். ஆனால் ஆற்றை நிரப்புவதில் முணுமுணுப்பவர்கள் சளைத்தவர்கள் இல்லை.

போன முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. பொழுது விடிகிற நேரம், திரையில் செர்டாங் கடைத்தெருப் பக்கம் ஒரு பச்சை வளையம் முளைத்தது. வளையல் மாதிரி வட்டமாக. பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்படி ஒரு மழையை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதாலேயே பயந்து, மண்டோர் மாணிக்கம் அண்ணனுக்குப் போன் போட்டேன். தோட்டத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து விட்டு மேய்க்கிறவர் அவர். மழை வருது அண்ணே என்றேன். மருந்தடிக்கக் கிளம்பியிருந்த ஆட்களை அவர் நிறுத்திவிட்டார். அடித்த மருந்து கரைந்து ஓடிவிடுமே.

அரை மணி நேரத்தில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது. கடைவீடுகளின் மேல்மாடியை அடைத்து, சூப்புக்கு விலைபோகிற கூட்டுக்காக வாலிட் குருவி வளர்க்கிறார்கள் அல்லவா, அந்தக் குருவிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் நாலா பக்கமும் இரை தேடப் பறந்திருக்கின்றன. அந்த வளையத்தைத்தான் நான் மழை என்று சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து எனக்குக் குருவி அக்கா என்று பேர். மருந்தடிக்கிற பையன்கள் மேட்டைக் கடந்து போகும்போதெல்லாம் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள்.

"அக்கா, இன்னிக்கு மழையா, குருவியா? குருவின்னா சொல்லிடுங்க லா, இன்னும் கொஞ்சம் தூங்குவோம்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனசுக்குள் ஒரு தீர்மானம் போட்டேன். இனி உறுதியாகத் தெரிந்தால் ஒழிய வாயைத் திறப்பதில்லை. தொழிலுக்கு ஏற்ற நல்ல தீர்மானம் மாதிரித்தான் இருந்தது. உங்களில் ஒருவர் அதே மாதிரி ஒன்றை இப்போது போட்டுக்கொண்டிருப்பீர்கள். போடுங்கள். பிறகு என்ன ஆகிறது என்று கேளுங்கள்.

எங்கள் டிரெய்லரை டிராக்டரில் கட்டி அந்த மேட்டுக்கு இழுத்து விட்டவர் சுப்பையா. மழைக்காலம் தொடங்கிய சமயம் அவர் இறந்துபோனார். ஒரே பிள்ளை, கலா. கூலிம் பட்டணத்தில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கொள்ளி வைத்தது அவள்தான். பதினாறாம் நாள் கருமாதியும் நானே செய்வேன் என்று சொல்லிவிட்டாள். அந்தத் தோட்டத்தில் அதுவரை பெண்பிள்ளை ஆற்றில் இறங்கிக் காரியம் செய்ததில்லை. பெரியப்பா முறையில் இருந்த ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அண்ணன் மகன் ஒருத்தன் இருக்கும்போது இவள் எதற்கு என்றாராம். அப்பா படுக்கையில் கிடந்தப்ப கஞ்சி ஊத்தினது யாரு என்று கலா திருப்பிக் கேட்டாளாம். அதோடு பேச்சு நின்றது. முகம் மட்டும் இறங்கவில்லை. இதையெல்லாம் மாணிக்கம் அண்ணன்தான் எனக்குச் சொன்னார்.

காரியம் எப்படி என்றால், இறந்தவரைக் கல்லில் நிறுத்திப் பால் ஊற்றிப் படைப்பார்கள். பிறகு அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு ஆற்றில் இடுப்பளவு இறங்க வேண்டும். காரியம் செய்துவைக்கிற பண்டாரம் மந்திரம் சொல்லி முடித்ததும் முதுகுப் பக்கமாகக் கல்லைத் தண்ணீரில் விட்டுவிட்டு, முழுக்குப் போட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். கையில் கல்லோடு கரைக்குத் திரும்பினால் போனவரை மறுபடி வீட்டுக்கு இழுத்து வந்த மாதிரி என்பார்கள். தோட்டத்தின் கீழ்க்கோடியில் வளைந்து போகும் சிற்றாறுதான் அதற்கு இடம். மலையில் பிறந்து வருகிற ஆறு. பண்டார் பாரு பக்கம் போய்ப் பெரிய ஆற்றோடு சேர்ந்துவிடும். நல்ல நாளில் இடுப்புக்கு மேல் ஏறாது. மலையில் கொட்டினால் மட்டும், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் வந்துவிடும்.

ஆகவே மாணிக்கம் அண்ணன் அந்தப் பதினாறாம் நாள் காலை ஒன்பது மணிக்கே போன் செய்தார். திரையில் மலைமேல் சிவப்பாக இருந்தது. சிவப்பு என்றால் நல்ல மழை. பொறுங்க அண்ணே என்றேன். பொறுத்தார்கள். ஆற்றங்கரையில் போட்ட கூடாரத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, முப்பது பேர், பண்டாரம் குறித்த நல்ல நேரம் கரைவதைப் பார்த்துக்கொண்டு பொறுத்தார்கள்.

பத்து மணி போல மழை நகர்ந்து எங்கள் மேட்டுக்கே வந்தது. வழக்கமாகப் பின்னேரம் வருகிற மழை. டிரெய்லர் கூரையில் அரிசியைக் கொட்டிக்கொண்டே இருப்பது மாதிரி ஒரு சத்தம். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மலைமேல் இருந்த சிவப்பு மஞ்சளாயிற்று. மஞ்சள் பச்சையாயிற்று. பச்சையும் ஓரம் தேய்ந்து, துடைத்துவிட்ட பலகை மாதிரி கிழக்கு முழுவதும் வெறுமையாயிற்று.

"முடிஞ்சி லா, காக்," என்றார் ரோஸ்லான். காக் என்றால் அக்கா. எனக்கும் நிம்மதியாக இருந்தது. மலையடிவாரத்தில் ஒரு டுரியான் தோப்பில் ரோஸ்லான் போய் வைத்துவிட்டு வந்திருந்த வாளி மழைமானியின் கணக்கைப் பார்த்தேன். அதுவும் பூஜ்ஜியம். இரண்டு மெஷின் ஒரே பேச்சு பேசுகிறது. இதற்கு மேல் உறுதி என்ன வேண்டும்?

போன் வந்தது. அங்கே நல்ல வெயில் என்றார் மாணிக்கம் அண்ணன். மேட்டுப் பக்கம்தான் இருட்டாகத் தெரிகிறது, மலையில் மழை இருக்கா இல்லையா என்று கேட்டார்.

"குறையுது அண்ணே. விட்ட மாதிரிதான்."

சரி என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் இருக்கும். துளி எண்ணும் கருவியின் எண்கள் ஓடுகிற பக்கத்தைத் தற்செயலாகத் திறந்தேன். வாசலில் நிற்கிற அந்தக் கருவிக்கு இரண்டு கை. ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஒளி போகும். நடுவில் விழுகிற ஒவ்வொரு துளியையும் அது அளவு பார்த்து எண்ணிக்கொள்ளும். எங்கள் தலைக்கு மேல் பெய்வது பொடி மழை, ஆனால் எண்ணி மாளாத பொடி, பலத்த மழைக் கணக்கு என்று அது சொன்னது. ரேடார் திரையிலோ எங்களைச் சுற்றி வெளிர்ப்பச்சை. தூறல் என்கிறது. கூரையோ அதிர்கிறது. ரோஸ்லான் ஏதோ கேட்கிறார், உதடு அசைவதுதான் தெரிகிறது, குரல் கேட்கவில்லை. தூறலுக்கா குரல் கேட்காமல் போகும்?

மறுபடி கிழக்கைப் பார்த்தேன். அங்கே ஒரு குறை இருந்தது. என்ன குறை என்று உடனே பிடிபடவில்லை. தெரிந்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ ஒரு நாற்காலி இல்லை என்று தோன்றுமே, அப்படி.

டவர் இல்லை.

கிழக்கே ஒரு குன்றின் மேல் தொலைபேசி டவர் ஒன்று உண்டு. எங்கள் திரையில் வெயிலோ மழையோ அது ஒரு புள்ளியாக எப்போதும் குந்தியிருக்கும். மழைக் கணக்கைக் கெடுக்கிறது என்று தினமும் நாங்கள் திட்டுகிற புள்ளி. அது போய்விட்டது. மழை நின்றுபோகலாம். இரும்பு டவர் எங்கே போகும்? அப்படியானால் அந்தப் பக்கம் நாங்கள் கொடுத்த குரல் போய்ச் சேரவே இல்லை. எங்கள் தலைக்கு மேல் பெய்கிற மழையும், ரேடாரின் வெள்ளை மூடியில் வழிகிற தண்ணீரும் சேர்ந்து குரலைத் தின்றுவிட்டன. கிழக்கே மழை இல்லை என்று திரை சொல்லவில்லை. கிழக்கே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறது. கேட்காததை நான் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஒரு மனிதரிடம் சொல்லியும்விட்டேன்.

இங்கேதான் நீங்கள் என்னோடு கொஞ்சம் நிற்க வேண்டும். மலையில் மழை கொட்டுகிறது என்று அப்போது எனக்குத் தெரியுமா? தெரியாது. கொட்டிக்கொண்டிருக்கலாம். உண்மையிலேயே விட்டுமிருக்கலாம். வாளி மழைமானி பூஜ்ஜியம் என்கிறது, அது பொய் சொல்ல என்ன காரணம்? உறுதியாகத் தெரிந்தால்தான் வாயைத் திறப்பது என்ற தீர்மானம் கழுத்தில் கை வைத்து அழுத்தியது. போன் செய்து ஏறச் சொல்லி, ஒன்றும் வராமல் போனால்? கலாவை முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கே தடுக்கி விழுவாள் என்று ஒருவர் காத்துக்கொண்டே இருக்கிறார். பாதியில் கலைந்த காரியம் அவள் தலையில் ஆயுசுக்கும் ஏறி உட்காரும். குருவி அக்கா பேச்சைக் கேட்டு அப்பன் காரியத்தைக் கெடுத்தவள்.

ரோஸ்லானிடம் டவரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொரு தடவை குருவி ஆனால் நம்மைத் தோட்டத்தை விட்டே துரத்துவார்கள் என்றார். சொல்லிவிட்டு, மேசைமேல் இருந்த என் போனை எடுத்து என் கையில் வைத்தார். அவர் என்ன நினைத்து அப்படிச் செய்தார் என்று இன்றுவரை கேட்டதில்லை.

மாணிக்கம் அண்ணன் உடனே எடுத்தார். பின்னால் பண்டாரத்தின் மணிச்சத்தம். குரலைத் தாழ்த்தி, பிள்ளை தண்ணீரில் இறங்கி நிற்கிறது, காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழையைப் பற்றித்தான் கேட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டது இறங்கலாமா என்று.

"அண்ணே, நான் முன்னாடி சொன்னது தப்பா இருக்கலாம்."

"மழை இருக்கா?"

"தெரியலை அண்ணே."

"இல்லையா?"

"அதுவும் தெரியலை. மெஷினுக்கு அந்தப் பக்கம் தெரியவே இல்லை. அதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன்."

ஒரு நீண்ட மூச்சு கேட்டது. அவர் போனை வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டிருக்க வேண்டும். துணி உரசுகிற சத்தம் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நான் அந்தத் துணி வழியாகத்தான் கேட்டேன். அவர் கலாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏறச் சொல்கிறார். பேர் சொல்லாதய்யா, காரியம் நடக்குது என்று இன்னொரு குரல் அதட்டுகிறது. கல்லைப் போட்டுட்டு வந்துடும்மா என்கிறார் யாரோ ஒரு அம்மா. பண்டாரத்தின் மணி நிற்கிறது. தள்ளியிருந்து, மெலிதாக, மாணிக்கம் அண்ணனுக்குப் பதில் சொல்லும் கலாவின் குரல்.

"பண்டாரம் சொல்லி முடிக்கட்டும் மாமா. சும்மா தூக்கிப் போட இது கல்லு இல்ல."

பிறகு தண்ணீரை உதைத்துக்கொண்டு ஒருவர் நடக்கிற சத்தம். மூச்சிரைப்பு. விடுங்க மாமா, விடுங்க. பிறகு ஒரு இரைச்சல். எங்கள் கூரையிலும் இரைச்சல், போனிலும் இரைச்சல். அது அங்கே மழையா, ஆறா, துணியா, என் காதில் ஓடுகிற ரத்தமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சத்தத்தைக் கேட்டு மழையைச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவள் நான். லைன் அறுந்தது.

ரோஸ்லான் பிக்கப்பைக் கிளப்பியிருந்தார். செம்பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் சாலையில் வழுக்கி வழுக்கி இறங்கினோம். ஒன்றரை மைல். நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். மணி அடிக்கவில்லை. பாதி வழியில் மழை தீர்ந்து வெயில் வந்தது. அந்த வெயிலைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

ஆற்றங்கரையில் எல்லோரும் சாலை ஓரத்து மேட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். கீழே கூடாரத்தின் கால்களைச் சுற்றிக் காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாய்கள் இல்லை. வாழை இலைகள் இல்லை. முறிந்த மரக்கிளை ஒன்று கூடாரத் துணியில் மாட்டிக்கொண்டு ஆடியது. மாணிக்கம் அண்ணனின் வேட்டி முழங்காலுக்கு மேலே கிழிந்திருந்தது, போன் ஆற்றோடு போய்விட்டது. ஒரு ஆள் குறையவில்லை. மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன்.

கலா ஈரப் புடவையோடு தனியாக நின்றாள். கல்லை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

பெரியப்பா முறைக்காரர் யாரைப் பார்த்தும் பேசாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பொம்பளப் பிள்ளை இறங்கினா ஆறு சும்மா இருக்குமா என்றார். அவர் சொன்னதைவிட அதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான் என்னை உலுக்கினார்கள். என் தவறு ஐந்து நிமிஷத்தில் அவள் பேருக்கு மாறிக்கொண்டிருந்தது. அவள் இறங்கினது என் வார்த்தையை நம்பி, குறையுதுன்னு சொன்னது நான்தான் என்று சொன்னேன். மெஷின் பொய் சொல்லுமா என்று ஒருவர் கேட்டார். மெஷின் பாதிதான் சொல்லிச்சு அய்யா, மீதியை நானா சேர்த்துக்கிட்டேன் என்றேன். அது அவருக்குப் புரிந்ததா தெரியாது. ஆனால் தலையாட்டல் நின்றது.

கலா என்னிடம் வந்தாள். கோபமாக இருக்கிறாளா என்று முகத்தில் தேடினேன். இல்லை. கணக்குப் பார்க்கிறவள் முகம்.

"முதல்ல குறையுதுன்னு சொன்னது நீங்கதானே அக்கா?"

"ஆமாம்மா."

"அப்புறம் தெரியலைன்னு சொன்னதும் நீங்கதானே?"

"ஆமா."

மாணிக்கம் அண்ணன் குறுக்கே வந்தார். மழை இருக்குன்னு இந்தத் தங்கச்சி அடிச்சுச் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன், மறுபடி குருவின்னுதான் நினைச்சிருப்பேன், தெரியலைன்னு சொல்ல இந்த ஆபீஸ்காரங்களுக்கு வாய் வராது, இதுக்கு வந்துச்சு, அதான் தண்ணியில எறங்கினேன் என்றார். பாராட்டா, பழியா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

கலா அதற்கு மேல் கேட்கவில்லை. பண்டாரத்தைக் கூப்பிட்டாள். நல்ல நேரம் போய்விட்டது என்று அவர் இழுத்தார். நேரம் போனால் போகட்டும், மீதியைச் சொல்லுங்கள் என்றாள். சாலையிலிருந்து நாலடி கீழே, ஏறி வந்த தண்ணீரின் ஓரத்தில், மாணிக்கம் அண்ணன் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பண்டாரம் சொல்லி முடித்தார். கல்லை விட்டாள். ஒரு குடம் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மேடேறி எங்களைக் கடந்து போனாள்.

மறுநாள் டுரியான் தோப்புக்குப் போன ரோஸ்லான் வாளி மழைமானியின் வாயைப் படம் எடுத்து அனுப்பினார். இலையும் எறும்புப் புற்றுமாக அடைத்திருந்தது. எத்தனை நாளாக அது பூஜ்ஜியம் என்று சொல்லிக்கொண்டிருந்ததோ. நான் அந்தக் காலையின் பதிவை எடுத்து நாள் கணக்காக உட்கார்ந்தேன். இழந்த சத்தத்தைக் கணக்குப் போட்டுத் திருப்பித் தர வழி உண்டு, நீங்களும் கற்றுக்கொள்வீர்கள். கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் கணக்கு நடக்கும். அடியோடு இழந்த இடத்தில் பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. கிழக்கே பத்து மணியிலிருந்து பத்தரை வரை வெறுமைதான்.

அதாவது, நான் "குறையுது" என்று சொன்ன நிமிஷத்தில் மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்ததா, உண்மையிலேயே குறைந்துகொண்டிருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. குறைந்துகொண்டே கூட இருந்திருக்கலாம். ஒன்பது மணிக்குச் சிவப்பாகக் கொட்டிய மழைதான் பாறைகளைத் தாண்டி, நேரம் எடுத்துக்கொண்டு, ஆறாக இறங்கி வந்திருக்கலாம். அப்படியானால் நான் சொன்ன வார்த்தை சரி. சரியான வார்த்தையைச் சொல்லி ஒரு பெண்ணை வெள்ளத்தில் இறக்கியிருக்கிறேன். என் தவறு எது? டவரைப் பார்க்காததா, மழைமானியை நம்பியதா, மழை குறைந்தால் ஆறும் குறையும் என்று நினைத்ததா, எதற்குக் கேட்கிறீர்கள் அண்ணே என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காததா? கடைசியில் சொன்னதுதான் என்று ஒரு வாரம் தோன்றும். அடுத்த வாரம் மாறிவிடும். அதிகாரி அறிக்கையில் மழையின் வேகத்துக்கு ஒரு எண் கேட்டார். கட்டத்தைக் காலியாக விட்டு, 'கருவிக்குத் தெரியவில்லை' என்று எழுதினேன். அவர் அதை ஏற்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. கோப்பில் அப்படியே கிடக்கிறது, போய்ப் பாருங்கள்.

அதனால்தான் ஓய்வு வாங்கினாயா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாத வியாதி முன்பே உண்டு. அதுவும் இதுவும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்.

வருஷத் திதிக்கு ஒரு வாரம் முன்பு கலா போன் செய்தாள். மழை இருக்குமா என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே இடத்தில் இறங்கப் போகிறோம், பத்து மணியிலிருந்து அரை மணி நேரம் தண்ணீரில் இருப்போம், இறங்கலாமா என்று கேட்டாள். நான் இப்போது மெர்கோங்கில் இருக்கிறேன், என்னிடம் எந்த மெஷினும் இல்லை, டிரெய்லரையும் எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள் என்றேன். தெரியும் அக்கா என்றாள். தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

ஞாயிறன்று பொழுது விடியும்போது காரை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினேன். தோட்டத்துக்குள் போகவில்லை. செர்டாங்கைத் தாண்டி, மலையடிவாரத்துக்கு, திரையில் அன்று வெறுமையாகக் கிடந்த அந்த இடத்துக்கே போனேன். இரண்டு வருஷம் ரேடாரில் உற்றுப் பார்த்த இடம். ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஆறு அங்கே ஒரு சின்னப் பிள்ளை மாதிரி பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றேன். போன் சிக்னல் இரண்டு கோடுதான் காட்டியது. கூப்பிட்டேன்.

"நான் மேல நிக்கிறேன் கலா. ஆத்துக்குள்ளேயே நிக்கிறேன்."

மழை உண்டா அக்கா என்றாள்.

நாலைந்து துளி என் புறங்கையில் விழுந்தது. இலையிலிருந்து சொட்டுவதா, வானத்திலிருந்தா என்று தெரியவில்லை. மலை உச்சி மேகத்துக்குள் இருந்தது. அங்கே என்ன நடக்கிறதோ.

அதைத்தான் சொன்னேன். தூறுகிற மாதிரி இருக்கிறது, உச்சி தெரியவில்லை, தண்ணீர் கெண்டைக்காலில் இருக்கிறது, கலங்கல் இல்லை. நீங்கள் இறங்குங்கள். இது ஒரு விரற்கடை ஏறினாலும் ஏறச் சொல்லிக் கத்துவேன், போனை மாமாவிடம் கொடு, ஸ்பீக்கரில் போட்டு அவர் கையிலேயே வைத்திருக்கட்டும்.

அரை மணி நேரமும் நான் மேகத்தைப் பார்க்கவில்லை. கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.